அஞ்சடியிலிருந்து ஏட்டுப் பக்கம் வரை: சின்ன இலக்கியக் காட்சியகத்துக்கு எல்லாரும் வந்துபோக

மலேசியத் தோட்டப்புறப் பட்டணத்தில் இலக்கியக் காட்சியகம் நடத்தக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம்தான். இருபதடி அகலம், அறுபதடிக்கு மேல் நீளம். முன்னால் அஞ்சடி என்கிற கூரையுள்ள நடைபாதை, அதற்கும் முன்னால் லோங்கா என்கிற சாலையோரச் சாக்கடை. உள்ளே நாலைந்து கண்ணாடிப் பெட்டிகள், கையெழுத்துப் படிகள், நின்றுபோன சஞ்சிகைக் கட்டுகள், ஒரு தட்டச்சுப் பொறி, சுவரில் எழுத்தாளர் படங்கள். சுங்கை சிப்புட்டோ பீடோங்கோ லாபிஸோ, கடைவீட்டின் அமைப்பு பெரிதாக மாறாது. அப்படியோர் இடத்தைப் புதிதாகப் பொறுப்பேற்று நடத்த வந்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு.

யார் வருவார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் ரப்பர்ப் பால்வாளி சுமந்து முழங்கால் தேய்ந்த எழுபது வயதுக்காரர்கள் வருவார்கள். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) கண்ணைத் தொட்டவர்கள், காது மந்தமானவர்கள் வருவார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து மொத்தமாக இறங்குவார்கள். தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். எப்போதாவது ஒரு சக்கர நாற்காலியும் வரும். அந்த நாற்காலியை மட்டும் மனத்தில் வைத்து வாசலில் ஒரு சாய்தளம் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தால், மற்ற எல்லாருக்கும் ஏதோ ஓரிடத்தில் வழி அடைபட்டுத்தான் கிடக்கும். சாலையில் காடி (கார்) நிற்கும் இடத்திலிருந்து பெட்டிக்குள் கிடக்கும் பக்கத்தின் கடைசி வரி வரை எல்லாமே ஒரே பாதை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008-இல் வந்தது. கட்டடங்களுக்கான அளவுகள் எம்எஸ் 1184 என்ற மலேசியத் தரநிலையில் இருக்கின்றன. 2014-இல் திருத்திய பதிப்பைப் பாருங்கள். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகளில் 34ஏ என்ற பிரிவும் இதைப் பற்றியதே. சுவரை இடிக்கவோ அஞ்சடியில் எதையும் கட்டவோ நினைத்தால் முதலில் மாவட்ட மன்றத்திலோ நகராண்மைக் கழகத்திலோ கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு உடைப்பது இரட்டைச் செலவு.

அளவெடுப்பு

ஒரு காசும் செலவழிக்கும் முன் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். ஐந்து மீட்டர் நாடா, 1.2 மீட்டர் நீள ரசமட்டம், நோட்டுப்புத்தகம், படமெடுக்க ஒரு கைப்பேசி, கூடவே இரவல் வாங்கிய சக்கர நாற்காலி ஒன்று. நாற்காலி கோயில் மண்டபத்திலோ முதியோர் இல்லத்திலோ கிடைக்கும். நோட்டில் இடப்பக்கம் அளவு, வலப்பக்கம் அங்கே என்ன தடுக்கிறது என்பது. காடி நிற்கும் இடத்தில் தொடங்கி, கழிவறைக் கதவில் முடியுங்கள்.

சரிவை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. ரசமட்டத்தைச் சரிவின்மேல் நீளவாக்கில் வையுங்கள். தாழ்ந்த பக்கத்து முனையை மட்டும், குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நாடாவால் பாருங்கள். 1.2 மீட்டர் மட்டத்துக்கு அந்த இடைவெளி 100 மில்லிமீட்டர் என்றால் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. அதுதான் மேல் எல்லை. 150 காட்டினால் எட்டுக்கு ஒன்று. கைவலு உள்ள இளைஞர்கூடத் தானாக ஏறத் திணறுவார், இறங்கும்போது ஆபத்து.

நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். ஆனால் அது போதாது. கால் நன்றாக இருப்பவர் இடுக்கில் மாட்டினால் எழுந்து நின்றுவிடுவார். அவருக்கு இடுக்கு தெரியாது. சமூகநல இலாகாவின் கீழ் இயங்கும், உடற்பேறு குறைந்தோருக்கான பிடிகே சமூக மறுவாழ்வு நிலையம் அருகில் இருந்தால் அங்கிருந்து இரண்டு பேரை அழைத்து நடந்துகாட்டச் சொல்லுங்கள். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்து அழையுங்கள். அவர்களிடம் நீங்கள் கேட்பது தொழில் ஆலோசனை. தர்மத்துக்குச் செய்யச் சொல்ல வேண்டாம். மழை பெய்த பின் ஒரு முறை, மாலை வெளிச்சம் மங்கிய பின் ஒரு முறை அதே பாதையை மறுபடி பாருங்கள். காய்ந்த தரையில் காலை பத்து மணிக்கு எடுத்த குறிப்பு பாதிக் கதைதான்.

அஞ்சடி, லோங்கா, வாசல்

இந்தச் சில அடி தூரத்தில்தான் பலர் திரும்பிப் போகிறார்கள். அதனால் இங்கே நிதானமாக.

அஞ்சடி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம். கடைக்குக் கடை மட்டம் மாறும்: பக்கத்துக் கடைக்காரர் மொசைக் போட்டபோது இரண்டங்குலம் உயர்ந்திருக்கும், அடுத்தவர் வெள்ளத்துக்குப் பயந்து இன்னும் உயர்த்தியிருப்பார். ஆகவே தெருமுனையில் நல்ல சாய்தளம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். முனையிலிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை படி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று எண்ணுங்கள். பிறகு மோட்டார் சைக்கிள்கள், எண்ணெய்த் தகரங்கள், காயப்போட்ட கால்மிதிகள், சாமிமேடை. சாமிமேடையைத் தொடாதீர்கள், அதைச் சுற்றி 900 மில்லிமீட்டர் வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மோட்டார் சைக்கிளைத் தடுக்கப் பூச்சட்டி வைப்பது பலர் செய்யும் தவறு. ஒரே வாரத்தில் அந்தப் பூச்சட்டியே இன்னொரு தடையாகிவிடும். பக்கத்துக் கடை அண்ணனிடம் போய், "அண்ணே, சனி, ஞாயிறு காலையில மட்டும் இந்த நாலடியை விட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். நாள், நேரம், அடி மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். "எப்போதும் காலியாக வையுங்கள்" என்றால் யாரும் வைக்கமாட்டார்கள்.

லோங்காவின்மேல் இரும்புச் சல்லடை இருந்தால் கம்பிகளின் இடைவெளியைப் பாருங்கள். 13 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கைத்தடியின் நுனியும் நாற்காலியின் முன்சக்கரமும் இறங்கும். கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும்; நீளவாக்கில் இருந்தால் சல்லடையைத் திருப்பிப் போட முடியுமா என்று பார்க்கலாம். நிரந்தரமாகச் சிமெந்து போட்டு மூடாதீர்கள். துப்புரவுக்கு மூடி திறக்க முடியாமல் போனால் நகராண்மைக் கழகமே வந்து உடைக்கும், அடைத்துக்கொண்டால் மழைநீர் உங்கள் பெட்டிகளுக்கடியில் வரும்.

இனிச் சாய்தளம். கணக்கு எளிது: படியின் உயரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் நீளம். 150 மில்லிமீட்டர் படி ஒன்றுக்கு 1.8 மீட்டர். இரண்டு படி, 300 என்றால் 3.6 மீட்டர். மேலும் கீழும் திரும்பி நிற்க 1.5 மீட்டர் சமதளம் தனியாக வேண்டும். ஒன்றரை மீட்டர் அஞ்சடியில் குறுக்கே இது அடங்காது என்பது உடனே தெரிந்துவிடும். நீளவாக்கில் போட்டால் பொதுநடைபாதையை விழுங்கும், அனுமதியும் கிடைக்காது. ஆக மூன்று வழிகள் மிஞ்சுகின்றன.

முதலாவது, படியை உள்ளே இழுப்பது. கதவைத் திறந்தே வைத்து, உங்கள் தரைக்குள்ளேயே சரிவைத் தொடங்கலாம். காட்சி இடம் இரண்டு மூன்று மீட்டர் குறையும். ஒரு பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இதைச் செய்வதே சிறந்தது என்பது எங்கள் கருத்து. இரண்டாவது, பின்சந்து. சில கடைவீடுகளில் பின்கதவு தரைமட்டமாகவே இருக்கும். ஆனால் குப்பைத்தொட்டியையும் வழுக்கும் பாசியையும் தாண்டி வரச்சொல்வதானால் வேண்டாம். பின்வழியை எல்லாருக்கும் பொதுவாக்கி, விளக்கும் பெயர்ப்பலகையும் வைத்தால் சரி. மூன்றாவது, எடுத்து வைக்கும் பலகை.

பலகை செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இவை. 12 மில்லிமீட்டர் பிளைவுட் நடுவில் தொய்யும். 18 மில்லிமீட்டர் எடுத்து, அடியில் நீளவாக்கில் மூன்று சட்டம் அடியுங்கள். இரு முனையிலும் விளிம்பு தடித்து நின்றால் முன்சக்கரம் அதில் முட்டி நிற்கும், இழைத்துச் சரிவாக்குங்கள். மேல்முனை நழுவிப் பின்னால் போகும். கதவுச்சட்டத்தில் இரண்டு கொக்கியும் சங்கிலியும் போடுங்கள். இரு பக்கமும் 50 மில்லிமீட்டர் உயர விளிம்புக்கட்டை இல்லாவிட்டால் சக்கரம் வெளியே இறங்கும். சாயத்தோடு மணல் கலந்து பூசினால் வழுக்காது. அந்த மணல் ஓராண்டில் தேய்ந்துபோகும், மறுபடி பூச வேண்டும். அகலம் 900-க்குக் குறையக்கூடாது. இரண்டு தனித்தனித் தண்டவாளம்போல் வரும் அலுமினியச் சாய்தளம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். மூன்று சக்கர மின்வண்டியும், வாக்கரோடு நடப்பவரும், குழந்தைத் தள்ளுவண்டியும் அதில் ஏற முடியாது. நிரந்தரச் சாய்தளம் என்றால் இருபக்கமும் 850 முதல் 950 மில்லிமீட்டர் உயரத்தில் கைப்பிடிக் குழாய் வைக்க மறக்காதீர்கள். படியை விடச் சாய்தளம்தான் எல்லாருக்கும் வசதி என்பதும் சரியல்ல. முழங்கால் விறைத்தவர்களில் சிலருக்குச் சரிவைவிடக் கைப்பிடியுள்ள இரண்டு படி இலகு. இடமிருந்தால் இரண்டும் இருக்கட்டும்.

பழைய மடக்குக் கதவின் ஒரு பாதி திறந்தால் 600 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். நாற்காலிக்கு 800-ஆவது வேண்டும், 900 இருந்தால் கை சுவரில் உரசாது. ஆக திறந்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு பாதியும் திறந்து, காற்றில் அடித்துச் சாத்தாதபடி கொக்கி போட்டிருக்க வேண்டும். மர நிலைப்படி இருந்தால் அதை அறுக்காதீர்கள். பழைய கதவுச்சட்டம் அதனால்தான் சாயாமல் நிற்கிறது. மிதிக்கக்கூடாது என்று தாண்டிப் போகிற பழக்கமும் நம் ஆட்களுக்கு உண்டு. 75 மில்லிமீட்டர் நிலைப்படிக்கு இருபக்கமும் 900 மில்லிமீட்டர் நீளத்தில் மர ஆப்புச்சரிவு செய்து வைத்தால் போதும்.

செருப்பும் நாற்காலியும்

தமிழ்ப் புத்தகம் இருக்கிற இடம், சரஸ்வதி இருக்கிற இடம் என்று வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மரியாதை புரிகிறது. ஆனால் இனிப்புநீர்க்காரர் வெறுங்காலில் நடக்கக்கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கல் குத்தினால்கூடத் தெரியாது, புண்ணாகும். காலில் கருவி மாட்டியவர் குனிந்து கழற்றவே முடியாது. செருப்போடு வரலாம் என்று எழுதி வையுங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்று குழு முடிவெடுத்தால், வாசலில் 450 மில்லிமீட்டர் உயரமும் கைப்பிடியும் உள்ள பெஞ்சு ஒன்று போட்டு, கழற்ற முடியாதவர்களுக்குச் சுத்தமான துணிமேலுறை வையுங்கள்.

உள்ளே நாற்காலிகள் ஐந்தாறாவது வேண்டும், எல்லாம் கைப்பிடி உள்ளவை. அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கால் பரந்து விரியும் மெல்லிய ரகத்தை வாங்காதீர்கள். ஈர மொசைக்கில் பின்கால் வழுக்கும். எழும்போது பெரியவர் கைப்பிடியில் முழு எடையையும் ஊன்றுவார் என்பதை நினைத்து வாங்குங்கள். அவற்றைச் சுவரோரம் வரிசையாக அடுக்காமல், ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் ஒன்றாகப் போடுங்கள். உட்கார்ந்துகொண்டே பார்க்க முடியவில்லை என்றால் அந்த நாற்காலி ஓய்வெடுக்க மட்டும் பயன்படும்.

பெட்டிகள், வெளிச்சம்

நடைவழி 1.2 மீட்டர், கடைசியில் திரும்ப 1.5 மீட்டர் வட்டம். இது கிடைக்கவில்லை என்றால் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் சின்னக் காட்சியகங்களின் பெரிய நோய். பாதியை அலமாரியில் வைத்து மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றினால் காகிதத்துக்கும் நல்லது.

மேசைப்பெட்டியின் மேல்விளிம்பு 800 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், கீழே முழங்கால் நுழைய 700 மில்லிமீட்டர் காலியிடம் வேண்டும். கையெழுத்துப் படிகளைப் பெட்டிக்குள் படுக்கையாக வைக்காமல் லேசாகச் சாய்த்து வையுங்கள். உட்கார்ந்தவருக்குப் படுக்கையாக வைத்த பக்கம் வெறும் கண்ணாடிப் பளபளப்பாகத்தான் தெரியும். சுவர்ப்படங்களின் நடுப்புள்ளி 1.2 முதல் 1.3 மீட்டர் உயரம். ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரத்தின் வயர் வழியில் ஓடக்கூடாது. சுவரோரம் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் ரப்பர் மூடி போட்டு ஒட்டுங்கள். தனியாகக் கிடக்கும் கால்மிதி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

வெளிச்சத்தில் ஓர் உண்மையான இழுபறி இருக்கிறது. பழைய சஞ்சிகைத் தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் இருப்பதால் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும்; காகிதத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்பது காட்சியகங்களில் பொதுவாக வைக்கும் எல்லை. கண்பார்வை குறைந்தவருக்கோ வாசிக்க அதைப்போல் ஆறு மடங்காவது வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் தீர்க்க முடியாது. அசலை மங்கிய வெளிச்சத்தில் வையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே அதே பக்கத்தின் ஏ3 அளவுப் பெரிதாக்கிய நகலைச் சாய்மேசையில், பளிச்சென்ற விளக்கின் கீழ், கையில் எடுத்துப் பார்க்கும்படி வையுங்கள். நகலைப் பளபளக்கும் லேமினேட்டில் போடாதீர்கள், விளக்கு முழுதும் அதில் தெரியும். மங்கலான மேற்பரப்புள்ள லேமினேட் கேட்டால் நகலெடுக்கும் கடையில் கிடைக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் அசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகலோடுதான் நேரம் கழிப்பார்கள்.

எழுத்தே படியாகும் இடம்

குறிப்பட்டைகளில் எழுத்தின் அளவு 24 பாயின்ட்டுக்குக் குறையக்கூடாது, கையில் கொடுக்கும் தாளில் 18. தமிழுக்கு இது ஆங்கிலத்தைவிட முக்கியம்: புள்ளியும் சுழியும் சின்னதாகிவிட்டால் 'ன'வும் 'ண'வும், மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகத் தெரியும். தடித்த எழுத்தில் முழுப் பத்தியையும் அடிக்காதீர்கள். தடிப்பில் சுழிகள் அடைபட்டு எழுத்து மொட்டையாகும். வரிகளுக்கிடையில் தாராளமாக இடம் விடுங்கள், மேல்வரியின் 'கு', 'டு'வும் கீழ்வரியின் புள்ளியும் மோதாமல் இருக்கும். இளமஞ்சள் தாளில் கறுப்பு மை நல்லது. ஓர் அட்டைக்கு ஐம்பது சொல் போதும். அதற்குமேல் சொல்ல இருந்தால் அதைக் குரல்பதிவாக்குங்கள்.

அட்டைகள் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். மலாய் எழுதினால் தமிழ் குறைந்துவிடும் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். தாத்தாவின் கதையைப் பேரன் மலாயில் வாசித்துவிட்டுத் தாத்தாவிடம் தமிழில் கேட்பான், நடப்பது இதுதான். மலாய்க்கார, சீனப் பக்கத்துக் கடைக்காரர்களும் உள்ளே வர அதுவே வாசல். பெரட்டு, கங்காணி, ஆயக்கொட்டகை, மங்கு, ஒட்டுப்பால் போன்ற தோட்டச் சொற்களுக்கு ஒரு தனித் தாள் வையுங்கள். நகரத்திலிருந்து வரும் தமிழருக்கே அது தேவைப்படும்.

பழைய ஏடுகளில் இன்னொரு தடை இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் பதிமூன்று எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, பிறகு ண, ற, ன வரிசையின் ஒகர ஓகாரங்கள். பழைய அச்சில் 'லை' தும்பிக்கை தூக்கிய யானைபோல் நிற்கும், 'னா' வாலைச் சுருட்டிக்கொள்ளும். தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவனாக இருப்பவன்கூட 'மலை' என்ற சொல்லில் இடறி, "இது என்ன மொழி?" என்று கேட்பான். பதிமூன்று பழைய வடிவங்களையும் இன்றைய வடிவங்களையும் எதிரெதிரே போட்டு ஓர் அட்டை செய்து, பழைய ஏட்டுப் பெட்டியின்மேல் தொங்கவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிடும்: பத்து வரிக்குள் எத்தனை யானை என்று எண்ணச் சொல்லலாம். கையெழுத்துப் படிகளுக்கு வரிக்கு வரி இன்றைய அச்சில் எழுதிய படியெடுப்பும் பக்கத்தில் வேண்டும்.

குரல்

எழுதப் படிக்காமலே கதையும் பாட்டும் வானொலி நாடகமும் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அவர்களுக்கு இலக்கியம் காதுவழி வந்தது, இப்போதும் அப்படியே கொடுங்கள். பார்வை இல்லாதவர்களுக்கும், தமிழ் வாசிக்கத் தெரியாத இளையவர்களுக்கும் அதே பதிவு உதவும். பணம் ஒன்றுக்கு மட்டும் போதும் என்றால், இதற்கே செலவழியுங்கள் என்போம்.

பதிவு செய்ய ஸ்டூடியோ வேண்டாம். துணி நிறைந்த படுக்கையறை, காற்றாடி நிறுத்தி, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்; 'ப', 'ட' வெடிக்காது. லோரி ஓடாத பின்னிரவு நல்லது, கூரையில் மழை விழும் நேரம் ஆகாது. ஒரு பதிவு மூன்று நிமிடத்துக்குள். தொடக்கத்தில் படைப்பின் பெயர், எழுதியவர், எந்தப் பெட்டிக்கு முன் நிற்கிறீர்கள் என்பது, பிறகு வாசிப்பு. தோட்டத்துப் பேச்சை வானொலிச் செய்திபோல் வாசிக்காமல், அந்தப் பேச்சு தெரிந்த ஒருவர் வாசிக்கட்டும்.

கேட்க வைக்கும் கருவியில்தான் பலர் சறுக்குகிறார்கள். க்யூஆர் கட்டம் மட்டும் வைத்தால், கைப்பேசி வசதியில்லாத பெரியவர் வெளியே நிற்பார். பெரிய பொத்தான் உள்ள எளிய ஒலிப்பான் ஒன்று, காதை முழுதும் மூடும் ஹெட்போன், ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகு, இவை போதும். காதுக்குள் நுழைக்கும் ரகம் வேண்டாம், கேள்கருவி மாட்டியவர் அதைப் போட முடியாது. க்யூஆர் கட்டமும் வையுங்கள், மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஒரு மீட்டர் உயரத்தில். பார்வையற்றவர் விரலால் கண்டுபிடிக்க அதன் மூலையில் ஒரு ரப்பர்ப் பொட்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அச்செழுத்துப் படி கட்டாயம், காது கேளாதவர் அதை வாசிப்பார்.

கைப்பேசியின் திரைவாசிப்பானுக்கு ஏற்ற உரையும் இணையத்தில் இருந்தால் நல்லது. இங்கே ஒரு பொறி: ஏட்டைப் படமாக எடுத்துப் பிடிஎஃப் ஆக்கினால் வாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். முரசு அஞ்சல், டிஸ்கி காலத்துப் பழைய குறியாக்கத்தில் தட்டச்சான கோப்புகளைக் கொடுத்தால் உளறும். யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறை கேட்டுச் சரிபார்த்த பிறகே வெளியிடுங்கள்.

அனுமதியை மறக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை குடும்பத்துக்கோ பதிப்பாளருக்கோ இருக்கும். அச்சை வாசிக்க இயலாதவர்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையில் மலேசியா 2022-இல் சேர்ந்தது. ஆனால் அது அவர்களுக்கான படிகளைப் பற்றியது, கூடத்தில் எல்லாருக்கும் ஒலிபரப்ப அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. குடும்பத்தாரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் கையொப்பம் வாங்குங்கள்: எந்தப் படைப்பு, பதிவா நகலா, கூடத்திலா இணையத்திலா என்று.

பிரெய்ல் செய்யலாமா என்று கேட்பார்கள். இங்குள்ள பள்ளிகளில் பிரெய்ல் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் கற்பிக்கப்படுகிறது. வருகிறவர்களைக் கேட்காமல் தமிழ் பிரெய்ல் பலகைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

தொட்டுப் பார்க்க

ஒரு மேசையை இதற்கென்றே விடுங்கள். பால்வெட்டு உளி, ரப்பர்ப் பால் சொட்டும் மங்கு, காண்டாக் கம்பு, ஈய அச்செழுத்துகள் சில, ஒரு தமிழ்த் தட்டச்சுப் பொறி. உளியின் முனையை அரத்தால் மழுக்கி, கண்ணில் படாத இடத்தில் துளையிட்டு மேசையோடு கம்பியால் கட்டுங்கள். ஈய எழுத்தைத் தொட்டவர் கை கழுவ வேண்டும், அதைச் சொல்லி எழுதுங்கள். தமிழ்த் தட்டச்சை வடிவமைத்த யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா மலாயாவில் வேலை பார்த்தவர் என்பதைப் பொறியின் பக்கத்தில் குறிப்பிட்டால், விசைகளைத் தட்டும் பிள்ளைகளுக்கு இந்த மண்ணோடும் ஒரு முடிச்சு விழும். நாடாவில் மை ஊற்றி வையுங்கள். தட்டினால் எழுத்து விழ வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றம்.

கழிவறை

பழைய கடைவீட்டில் குந்தும் கழிவறை, உயர்ந்த கல் விளிம்பு, எப்போதும் ஈரத்தரை. உட்காரும் பீங்கான், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, செங்கல் சுவரில் அடித்த கைப்பிடி, இந்த மூன்றையாவது செய்யுங்கள். மரத்தடுப்பில் அடித்த கைப்பிடி ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். நாற்காலி நுழையும் அளவு இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அருகில் எந்தக் கோயில் மண்டபத்தில், எந்த எண்ணெய் நிலையத்தில் உண்டு, எத்தனை நிமிடத் தூரம் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வருமுன் சொல்வது

"அனைவரும் எளிதில் வரலாம்" என்று எழுதாதீர்கள். அதில் தகவல் இல்லை. இப்படி எழுதுங்கள்: "சாலையிலிருந்து இரண்டு படி, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர். பலகைச் சாய்தளம் உண்டு, ஒருவர் தள்ளிவிட வேண்டும். கதவு 90 சென்டிமீட்டர். கைப்பிடி நாற்காலி ஆறு. கழிவறை உட்காரும் வகை, சக்கர நாற்காலி நுழையாது. காடி வாசலில் நிறுத்தி இறங்கலாம்." முடிவை அவரே எடுக்கட்டும். இதையே ஒன்றரை நிமிட வாட்ஸ்அப் குரல்செய்தியாகப் பேசி, வாசல் படம் ஒன்றோடு அனுப்புங்கள். பெரியவர்கள் தாளைவிட அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

திறக்கும் நேரம் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை என்றால் வயதானவர்களுக்கு வசதி. மதியத்துக்குமேல் வெயில், பிறகு இடிமழை. வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு மாலை வையுங்கள். கோயில் திருவிழா நாளில் தெருவை அடைத்துவிடுவார்கள், காடி வாசலுக்கு வராது. அந்த நாள்களை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

வந்தவரோடு

நாற்காலியில் இருப்பவரிடமே பேசுங்கள். தள்ளி வந்த மகளிடம் "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். "ஐயா, எங்கேருந்து தொடங்கலாம்?" என்று அவரையே கேளுங்கள். கேட்காமல் நாற்காலியைத் தொடாதீர்கள். தூக்க நேர்ந்தால் கைப்பிடியைப் பிடிக்காதீர்கள், பல நாற்காலிகளில் அது கழன்று கையோடு வரும். அசையாத சட்டத்தைப் பிடியுங்கள். செங்குத்தான பலகையில் இறக்கும்போது நாற்காலி பின்பக்கமாக இறங்க வேண்டும், நீங்கள் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும்.

பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுங்கள். அரையடி முன்னால் நடங்கள். "அம்மா, இன்னும் ரெண்டு எட்டுல ஒரு படி, மேலே" என்று சொல்லி நில்லுங்கள். "இங்கே, அங்கே" என்ற சொற்கள் அவருக்கு உதவாது. "உங்க வலக்கைப் பக்கம், இடுப்பு உயரத்துல" என்பது உதவும். காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம். காற்றாடியைக் குறைத்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, நிதானமாகப் பேசுங்கள்.

பள்ளி வந்தால், நாற்பது பிள்ளைகளை ஒரே தடவை உள்ளே விட்டால் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள். மூன்று குழுவாக்கி, ஒன்று பெட்டிகளிடம், ஒன்று தொடுமேசையில், ஒன்று குரல் கேட்க என்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நாற்காலியில் வரும் பிள்ளை கடைசியில் நுழைந்தால் மற்றவர்களின் முதுகைத்தான் பார்க்கும், முதலில் விடுங்கள். பஸ் எதிர்ப்பக்கம் நின்றால் சாலையைக் கடக்க இரண்டு பெரியவர்கள் போதாது, நான்கு பேர் வேண்டும்.

முகப்பில் ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர் எங்கே தடுமாறினார், எதைக் கேட்டு இல்லையென்று சொன்னோம், எந்த இடத்தில் திரும்பினார் என்று அன்றன்றைக்கு ஒரு வரி. அடுத்த செலவு எதற்கு என்று குழுவில் விவாதம் வரும்போது அந்த நோட்டைத் திறந்து வையுங்கள்.

கடை திறக்கும் ஒவ்வொரு காலையும் பத்து நிமிட வேலை: இரண்டு கதவையும் திறந்து கொக்கி, அஞ்சடியில் வந்து நின்ற மோட்டார் சைக்கிளை நகர்த்தச் சொல்வது, பலகையைப் போட்டுச் சங்கிலி மாட்டி ஒரு தடவை மிதித்துப் பார்ப்பது, கழிவறைத் தரையைத் துடைப்பது, ஹெட்போனைத் துடைத்து ஒரு பதிவைப் பத்து விநாடி ஓடவிட்டுக் கேட்பது, நகல்மேசை விளக்கைப் போடுவது. மழை பிடித்துவிட்டால் பலகையை உடனே உள்ளே எடுத்து, துடைத்து உலர்த்திவிட்டுத்தான் மறுபடி வெளியே போட வேண்டும்.